பணிப்பாளரின் காருக்கு மின்சாரம் கொடுத்த வரலாறு

மன்னாரில் இருந்த மீளெழுச்சி ஒருங்கிணைப்புக் கந்தோரின் வாசலில் பணிப்பாளரின் கார் நின்றுபோனதற்குக் காரணம் பணிப்பாளரின் பேச்சு. கந்தோரில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

விதைநெல் வாரத்தின் தொடக்க விழா அன்று நடந்தது. வாசலின் உட்புறத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கார் இரண்டு தூண்களுக்கும் நடுவே, நாடாவை முகர்வதுபோல வந்து நின்றது. பணிப்பாளர் இறங்கி நாடாவை வெட்டினார். பேச எழுந்தபோது மின்சாரம் போய்விட்டது. சாரதி காரின் பின்கதவைத் திறந்து, அங்கே இருந்த சின்ன பற்றரியில் ஒலிபெருக்கியைக் கொழுவினான்.

அது ஹைபிரிட் கார். அதில் இரண்டு பற்றரிகள். பெரியது காரை ஓட்டும். சின்னது பெரியதை எழுப்பும். பெரியது எவ்வளவு பலத்தோடு இருந்தாலும் சின்னது வந்து எழுப்பாவிட்டால் அது கண்ணைத் திறக்காது. இந்த ஏற்பாடு கந்தோர்க்காரருக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எல்லாம் தந்திருக்கிறோம்" என்றார் பணிப்பாளர். "நீங்கள் இழந்ததைத் தவிர மற்றதெல்லாவற்றையும் தந்திருக்கிறோம். இன்னும் கேட்கிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டுக்கொண்டிருப்பது எங்கள் கடமை."

பேச்சு மதியம் தாண்டியும் போனது. கடைசியில் குரல் மெலிந்து மெலிந்து இல்லாமல் போயிற்று. வாய் மட்டும் அசைந்தது. அதற்கும் கை தட்டினார்கள். சாரதி பின்கதவை அறைந்து மூடினான். அந்தக் கதவும் மின்சாரத்தில்தான் திறக்கும் என்பது அவனுக்கு மூடிய பிறகு ஞாபகம் வந்தது. பணிப்பாளர் ஏறி அமர்ந்து பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. தடையற்ற சேவை பற்றிய மாநாடு ஒன்றுக்காக அவர் வேறு வாகனத்தில் கொழும்புக்குப் போனார்.

கார் வாசலில் இருந்தது. வாசலுக்கு உள்ளே களஞ்சியம். களஞ்சியத்துக்குள் விதைநெல். வாசலுக்கு வெளியே, கிராமச் சங்கத்தின் உழவு இயந்திரத்தோடும் அதன் வெறும் இழுவைப் பெட்டியோடும், பாப்பாமோட்டை ஏரம்பு.

ஏரம்பு போர் முடிந்து மீள்குடியேறிய விவசாயி. ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். முன்பு பேசினாரா என்று கேட்டால் மனைவி மங்கையற்கரசிக்கே சரியாக ஞாபகமில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு முதன்முறையாக வயல் உழுதிருந்தார்கள். பெருமழை விழமுன் புழுதியில் விதைத்துவிட வேண்டும். விழுந்தபின் வயல் சேறாகிவிடும். அந்த வருடம் போய்விடும். இனி மக்கள் தாங்களே விளைவித்துக்கொள்வார்கள் என்று இதே கந்தோர் நிவாரண அரிசியை நிறுத்தியிருந்தது. ஆகவே அடுத்த மாரிவரை ஊர் சாப்பிட வேண்டியது அந்தக் களஞ்சியத்துக்குள் மூட்டையாகக் கிடந்தது.

மறுநாள் காலை உதவிப் பணிப்பாளர் இரத்தினம் வாசலுக்கு வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனைகள் வைத்திருந்தார்.

"ஐயா, காரைத் தள்ளிவிடுவமே?" என்று ஏரம்பு கேட்டார்.

தள்ளினார்கள். சில்லு உருளவில்லை.

"கியர் பார்க்கிலை பூட்டிக் கிடக்குது" என்றான் சாரதி. "கரண்ட் இல்லாமல் அது விடாது."

"அப்ப மூட்டையளைத் தலையிலை தூக்கிக்கொண்டு வாறம் ஐயா. தூணுக்கும் காருக்கும் நடுவிலை ஒரு ஆள் போகலாம்."

"போகலாம்" என்றார் இரத்தினம். "ஆனால் விதைநெல் வாகனத்திலைதான் வெளியேறோணும். வாகன இலக்கம் எழுதினால்தான் களஞ்சியம் திறக்கலாம். தலைக்கு இலக்கம் இல்லைத்தானே."

ஏரம்புவுக்கு ஒரு காலத்தில் இலக்கம் இருந்தது. முகாமில், கழுத்தில் தொங்கிய அட்டையில். அதைச் சொல்லலாமா என்று யோசித்தார். யோசித்து முடிவதற்குள் இரத்தினம் உள்ளே போய்விட்டார்.

ஏரம்புவோடு வந்தவள் பூமணி. பக்கத்துக் காணிக்காரி. புருஷன் இல்லை. இயந்திரத்தின் பெட்டியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருந்தாள்.

"அண்ணை, நீங்கள் இப்பிடியே நிண்டால் உங்களுக்கும் ஒரு நாடா கட்டி வெட்டப்போறாங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கி உப்புக்குளம் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது வஸீர் அவளோடு வந்தார்.

வஸீர் உப்புக்குளத்தில் கராஜ் வைத்திருப்பவர். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு வந்து, தன் வீட்டுக்குள் வளர்ந்திருந்த மரத்தை வெட்டி, அதே இடத்தில் கராஜைப் போட்டவர். சிவப்பும் கறுப்புமாய் இரண்டு தடித்த நீள வயர்களைப் பல சுற்றாக மாலைபோலக் கழுத்தில் போட்டிருந்தார்.

"இது ஒரு நோய் வருத்தமில்லை, மயக்கம்" என்றார். "ஏரம்பண்ணை, உங்கடை றக்ரர் பற்றரியும் பன்னிரண்டு வோல்ட்தான். அதிலை இருந்து ஒரு வாய் குடுத்தால் எழும்பிடும். பின்கதவு திறக்கத் தேவையில்லை. முன்னுக்கு பியூஸ் பெட்டிக்குள்ளை சிவப்பு மூடி போட்ட முனை ஒண்டு வைச்சிருக்கிறாங்கள்."

சாரதியிடம் வாங்கிய சாவிக்குள் ஒளிந்திருந்த சின்னச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார். பொனற்றைத் தூக்கினார். எட்டிப்பார்த்த இரத்தினம் இரண்டு அடி பின்னால் போனார். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள் ஓடின. பக்கத்தில் மின்னல் கீறிய ஓர் எச்சரிக்கைச் சின்னம் ஒட்டியிருந்தது.

"நிப்பாட்டுங்கோ."

"அது பெரிய பற்றரியின்ரை வயர், சேர். அதிலை கை வைக்கக்கூடாது. நான் வைக்கப்போறதும் இல்லை. என்ரை வேலை இஞ்சாலை."

"ஆபத்தெண்டு போட்டிருக்குது. ஆபத்தெண்டு போட்டால் நடைமுறை இருக்குது."

நடைமுறை களஞ்சியத்தில் இருந்தது. கண்ணிவெடி அகற்றியவர்கள் விட்டுச்சென்ற மண்டையோட்டுப் பலகைகளும் மஞ்சள் நாடாவும் எடுத்துவரப்பட்டன. அவற்றை எடுப்பதற்கு வாகன இலக்கம் தேவைப்படவில்லை. காரைச் சுற்றிக் கட்டினார்கள். ஏரம்பு அந்தப் பலகையைப் பார்த்தபடி நின்றார். போன வருடம்வரை அதே பலகைதான் அவருடைய வயல் வரம்பிலும் நின்றது. அவருடைய ஆடு ஒன்று அதை வாசிக்கத் தெரியாமல் உள்ளே போயிற்று.

அடுத்தநாள் விழிப்புணர்வு வகுப்பு. விதைநெல்லுக்காக வந்து காத்திருந்த எல்லோரையும் மண்டபத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். இரத்தினம் திரையில் காரின் படத்தைக் காட்டினார்.

"செம்மஞ்சள் வயரைக் கண்டால் என்ன செய்வீர்கள்?"

"தொடமாட்டோம்" என்றது சனம்.

"வேறு?"

"கிட்டப்போகமாட்டோம். அடையாளம் வைப்போம். அறிவிப்போம்."

சனத்துக்கு விடைகள் முதலே மனப்பாடம். வெடிக்காத குண்டுகளுக்கும் இதே விடைகள்தான். எல்லோருக்கும் ஒரு பிஸ்கற் பெட்டியும் சோடாவும் கிடைத்தன. கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். பூமணி எழும்பினாள்.

"ஐயா, எங்களிலை ஆரும் அந்தக் காரிலை ஏறப்போறமே?"

"இல்லை."

"அப்ப எங்களுக்கு என்னத்துக்கு இந்தப் படிப்பு?"

"ஏறுகிறவர்கள் வேலையாக இருக்கிறார்கள், அம்மா" என்றார் இரத்தினம்.

அன்று பின்னேரம் வானம் கறுத்து நாலு துளி விழுந்தது. மழை அல்ல, மழையின் விசாரணை. ஏரம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தார். கந்தோரும் வானத்தைப் பார்த்தது. பொனற் திறந்த கார் நனையக்கூடாது என்று அவசரக் கூட்டம் போட்டார்கள். மீள்குடியேறியோரின் தற்காலிகக் கொட்டில்களுக்காக வந்து, இன்னும் கொடுக்கப்படாமல் இருந்த தகரங்களில் கொஞ்சம் எடுத்தார்கள். இருட்டுமுன் வாசலில் நாலு மரத்தூண்கள் நாட்டப்பட்டு, மேலே தகரம் அடிக்கப்பட்டது. காரின் சொந்த இடம் எது என்பது பற்றிப் பிரச்சினை எழவில்லை. அது நின்ற இடத்திலேயே குடியமர்த்தப்பட்டது.

"கெதியாய் முடிச்சுப்போட்டாங்கள்" என்றாள் பூமணி. "அடுத்த பிறவியிலை நானும் நாலு சில்லோடை பிறக்கோணும்."

ஏரம்பு தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தகரம். நல்லாய்த்தான் அடித்திருந்தார்கள்.

வஸீர் தினமும் வந்தார். தினமும் வயரோடு திரும்பிப்போனார். நாலாம் முறை வந்தபோது இரத்தினம் அவரை உள்ளே கூப்பிட்டார். ஏரம்புவும் கூடப்போனார்.

"ஆபத்துப் பகுதி முடிஞ்சுது" என்றார் இரத்தினம். "இப்ப இன்னொரு சிக்கல். மின்சாரம் ஆருடையது?"

"றக்ரரின்ரை."

"றக்ரர் கிராமத்தின்ரை. ஆக, கிராமம் எங்களுக்கு மின்சாரம் தருகுது."

"ஓம். கொஞ்சம்தானே."

இரத்தினம் பேனையை மேசையில் வைத்தார். பேசியபோது கூட்டத்தில் பேசுகிற தமிழ் வந்துவிட்டது.

"கொஞ்சமோ கூடவோ, இது கொள்கைப் பிரச்சினை. நாங்கள் கொடுக்கிறவர்கள். நீங்கள் வாங்குகிறவர்கள். இந்த ஒழுங்கில்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது. இன்று உங்களிடம் மின்சாரம் வாங்கினால் நாளை உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று ஆகும். உங்களிடம் ஏதோ இருந்தால் இந்தக் கந்தோர் எதற்கு?"

வஸீர் ஏரம்புவைப் பார்த்தார். ஏரம்பு மேசையில் காகிதங்களுக்குப் பாரமாக இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் முதலிலை அவருக்குக் குடுங்கோ சேர்" என்றார் வஸீர். "பிறகு அவர் திருப்பித் தரட்டும்."

அவர் பகிடிக்குச் சொன்னார். இரத்தினம் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

விழா மறுநாள் காலை. உழவு இயந்திரத்தின் பற்றரிக்குப் பூமாலை போட்டார்கள். கந்தோர் தன் மின்சாரத்தைப் பாப்பாமோட்டை மக்களுக்கு நன்கொடையாக வழங்குவதன் அடையாளமாக, எதிலும் கொழுவாத வயர் ஒன்றின் நுனியை இரத்தினம் ஏரம்புவின் இரு கைகளிலும் வைத்தார். படம் எடுத்தார்கள். முதல் படத்தில் ஏரம்பு சிரிக்கவில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். அதிலும் அவர் சிரிக்கவில்லை. பிறகு மக்கள் நன்றியறிதலோடு அதைத் திருப்பி வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. ஏரம்பு நுனியைத் திருப்பிக் கொடுத்தார்.

வஸீர் வேலையைத் தொடங்கினார். சிவப்பு வயரின் ஒரு முனையைக் காரின் சிவப்பு மூடிக்குக் கீழே கவ்வவிட்டார். மறுமுனையை உழவு இயந்திரத்துப் பற்றரியின் நேர்முனையில். கறுப்பு வயரை அதன் எதிர்முனையில். கடைசி நுனியை மட்டும் எந்தப் பற்றரியிலும் போடாமல் காரின் வெறும் இரும்பு ஆணி ஒன்றில், தள்ளி, கவ்வவிட்டார்.

"இது மாறினால் போச்சு" என்று ஏரம்புவுக்குச் சொன்னார். "சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் உள்ளுக்குள்ளை இருக்கிற பெட்டி கருகிடும். புதுக்கார் வாங்கிறது லேசு. சரி, இயந்திரத்தைப் போடுங்கோ."

ஏரம்பு உழவு இயந்திரத்தை இயக்கினார். கொஞ்ச நேரம் அது தடதடத்தது. வஸீர் காருக்குள் ஏறி, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். முன்பலகை முழுக்க வெளிச்சம் ஓடியது. பிறகு ஒரு பச்சை விளக்கு நிலையாக நின்றது. இறங்கி, போட்ட ஒழுங்குக்கு மறுதலையாக, ஆணியில் கவ்வியிருந்த கறுப்பு நுனியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொனற்றை இறக்கினார்.

"முடிஞ்சுது."

கார் இயங்குகிறதா என்று பார்க்கக் கந்தோர் அமைத்திருந்த பரீட்சைக் குழுவில் இரத்தினத்தோடு மூன்று பேர். "இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ" என்றார் இரத்தினம். ஏரம்பு நிறுத்தினார். எல்லோரும் கேட்டார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

குழுவில் ஒருவர் பொனற்றில் காதை வைத்தார். மற்றவர் பின்னால் போய்ப் புகைக்குழாயில் கையை வைத்துப் பார்த்தார். வாசலில் நின்ற சனமும் மூச்சை அடக்கிக் கேட்டது. மிக நல்லாய்க் கேட்கத் தெரிந்த சனம் அது. எந்தச் சத்தம் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் விழும் என்று பங்கருக்குள் இருந்து கணக்குப் பார்த்த காதுகள். அவற்றுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் இருப்பது நல்லது என்று மட்டும் அவை அறிந்திருந்தன. அந்த அமைதி நெடுநேரம் நீண்டது. ஏரம்பு கண்ணை மூடிக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"இயங்கவில்லை" என்றார் இரத்தினம்.

"சேர், இது உறுமாது. பெரிய பற்றரியிலை சார்ஜ் இருக்குமட்டும் எஞ்சின் எழும்பாது. பச்சை வெளிச்சத்தைப் பாருங்கோ."

"வெளிச்சம் எரியிறதும் இயங்கிறதும் ஒண்டில்லை, வஸீர். எங்கடை கந்தோரிலை எல்லா அறையிலும் வெளிச்சம் எரியுது."

குழு தலையாட்டியது.

"கொஞ்சம் நகர்த்திக் காட்டட்டோ?"

"இயங்காத வாகனத்தை நகர்த்த அனுமதியில்லை."

அவர்கள் தேநீருக்கும் அறிக்கைக்கும் உள்ளே போனார்கள். இயங்காத காரை நிறுத்த வேண்டிய தேவை ஒருவருக்கும் வரவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏரம்பு இரத்தினத்தின் யன்னல் பக்கம் போய்ச் சொன்னார்: "ஐயா, கார் எழும்பீட்டுது." இரத்தினம் நிமிராமல் சொன்னார்: "அறிக்கையிலை கையெழுத்து வைச்சாச்சு."

ஏரம்பு திரும்பி வந்தார். வஸீரைப் பார்த்தார். வஸீர் காரில் ஏறினார். கார் பூனைபோலப் பின்னுக்கு ஊர்ந்து, மஞ்சள் நாடாவை இழுத்துக்கொண்டு, வீதிக்கு அப்பால் பூவரசுக்குக் கீழே போய் நின்றது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

வாசல் திறந்து கிடந்தது.

ஏரம்பு உழவு இயந்திரத்தில் ஏறித் திருப்பினார். காவலாளி அமிர்தநாயகம் கையை நீட்டி மறித்தார். தாழ்வுபாட்டு மீனவர், கடலை விட்டுக் காவலுக்கு வந்தவர். காக்கிச் சட்டைக்குள் செபமாலை தெரிந்தது.

"உள்ளை விடேலாது அண்ணை. வாசலிலை கார் நிக்குது."

ஏரம்பு வாசலைப் பார்த்தார். பூவரசைப் பார்த்தார்.

"கார் அங்கை நிக்குது."

"அது நீங்கள் பாக்கிற கார். கொமிற்றி பாத்த கார் இஞ்சைதான் நிக்குது. நான் கொமிற்றியிட்டைத்தான் சம்பளம் எடுக்கிறன்."

இரத்தினம் விறாந்தைக்கு வந்தார். அவரும் வெறும் வாசலைப் பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கார் அளவுக்கு வெறுமை இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"அறிக்கையைத் திருத்திறதெண்டால் பணிப்பாளர் வரோணும்" என்றார். "அவர் அடுத்த மாதம்தான் வருவார். அதுவரைக்கும் வாசல் அடைபட்டிருக்குது."

"ஐயா, அதுக்கிடையிலை மழை விழுந்திடும்" என்றார் ஏரம்பு. "பிறகு விதைக்கேலாது."

"விளங்குது" என்றார் இரத்தினம். அவருக்கு உண்மையாகவே விளங்கியதுபோல இருந்தது. உள்ளே போய்விட்டார்.

காற்று மாறியது. உப்புநீர் மணம் வந்தது. ஏரம்பு இயந்திரத்தை நிறுத்தி, சுக்கானில் கை வைத்தபடி இருந்தார். பூமணி மறுபடியும் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். அமிர்தநாயகம் தன் கதிரையில் போய் இருந்தார். கொஞ்ச நேரம் போக அவராகவே பேசினார், ஒருவரையும் பார்க்காமல்.

"களஞ்சியக்காரர் லீவு. வாசல் அடைபட்டபடியால் அவருக்கு வேலையில்லை. களஞ்சியத் திறப்பு என்ரை அறையிலை ஆணியிலை தொங்குது." பீடியைப் பற்றவைத்தார். "அடைபட்ட வாசலாலை ஒண்டும் உள்ளை வரேலாது. ஒண்டும் வெளியிலை போகேலாது. வரேலாத ஒண்டை நான் எப்பிடி மறிக்கிறது? மாதாவே, இந்த உத்தியோகம்."

கதிரையைத் தூக்கித் திருப்பி, முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணை" என்றாள் பூமணி. "காதும் கேக்காதோ?"

"எது கேக்கிறதுக்கு?" என்றார் அமிர்தநாயகம்.

தகரக் கூரை தாழ்வாக இருந்தது. ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டு உழவு இயந்திரத்தை உள்ளே விட்டார். அது தடதடவென்று கந்தோர் முழுக்க அதிரும்படி போயிற்று. வஸீரும் பூமணியும் மற்ற ஊர்க்காரரும் பாப்பாமோட்டையின் பங்கை ஏற்றினார்கள். இரத்தினத்தின் யன்னல் நேரே களஞ்சியத்தைப் பார்த்திருந்தது. அவர் தேநீர் குடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவினைஞர் ஒருவர் வெளியே வந்து, மூட்டை தூக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக நின்ற தன் சைக்கிளை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். ஒருவரும் ஒன்றையும் காணவில்லை. மன்னார்த் தீவின் பாலம் கடந்து பெருநிலத்தில் ஏறும்போது மூட்டைகளுக்கு மேல் படங்குத் துணியை இழுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் ஊர் விதைத்தது. மூன்றாம் நாள் மழை விழுந்தது.

தை மாதம் இரத்தினம் பாப்பாமோட்டைக்கு வந்தார். பின்னால் ஒரு லொறியில் நிவாரண அரிசி வந்தது. சனம் வரிசையில் நின்றது. வரிசை தானாகவே அமைந்துவிட்டது; அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் நெல் இடுப்பளவுக்கு நின்று அசைந்தது.

"வாசல் தடைப்பட்ட காரணத்தால் இம்முறை உங்களால் விதைக்க முடியாமல் போனதையிட்டுக் கந்தோர் ஆழ்ந்த கவலை கொள்கிறது" என்றார் இரத்தினம். "எனினும் விதைநெல் ஒரு மணிகூடக் குறையாமல் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு அறியத்தருகிறேன். இதற்காகப் பணிப்பாளருக்குப் பாராட்டு கிடைத்திருக்கிறது."

சனம் கை தட்டியது.

அவர் ஏரம்புவுக்குப் பக்கத்தில் வந்து, வயலைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"என்ன ஏரம்பு, இந்த முறை விதைக்கேல்லைத்தானே?"

ஏரம்பு வயலைப் பார்த்தார். கதிர் தள்ளத் தொடங்கியிருந்தது.

"இல்லை ஐயா."

"ஒரு மணியும் விதைக்கேல்லை" என்றாள் பூமணி.

இரத்தினம் திருப்தியோடு தலையாட்டினார். லொறி நின்ற இடத்துக்கு வரம்பால் போவது கிட்ட. இரண்டு பக்கமும் நெல் வரம்பின்மேல் சாய்ந்து கிடந்தது. இரவுப் பனி இன்னும் காயவில்லை. அவர் காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நனையாமல், ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்துபோனார்.